பக்கத்து சீட்டில் அப்பா

பிப்ரவரி 2

பின்சீட்டுப் பேரரசியாகிய என் அக்காவுக்கு,

கடிதமா, அதுவும் தபாலிலா என்று உறையை நாலு முறை திருப்பிப் பார்த்திருப்பாய். நான்தான், வாலு. காரணம் எளிது: போன் போனது. அப்பாவின் டிரைவிங் ஸ்கூலிலிருந்து ஒரு எல் போர்டை எடுத்துப் போய் எங்கள் தலைமையாசிரியை காரின் பின்னால் ஒட்டினேன். இரண்டு நாள் அவர் கவனிக்கவே இல்லை. இருபது வருஷமாக ஓட்டுகிறேன், இந்த வாரம் மட்டும் ஏன் எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகிறார்கள் என்று ஆசிரியர் அறையில் புலம்பியிருக்கிறார். மூன்றாம் நாள் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, பக்கத்தில் ஆளில்லாமல் ஓட்டிப் பழகுவது குற்றம் என்று விளக்கினாராம். ஆகவே பரீட்சை முடியும்வரை என் போனுக்கு அம்மாவின் துணி அலமாரியில் சிறைவாசம். கடிதம் எழுத மட்டும் அனுமதி. கையெழுத்தாவது திருந்தும் என்று அம்மாவுக்கு ஒரு நப்பாசை.

அம்மா போனில் உன்னோடு பேசலாம்தான். ஆனால் ஸ்பீக்கரில் போடாமல் பேச அவளுக்கு வராது. அப்பா அடுத்த அறையில் பேப்பரைப் புரட்டாமலே படித்துக்கொண்டிருப்பார். ஒன்பது மாதமாக உன்னோடு ஒரு வார்த்தை பேசாத மனிதர், நீ போனில் இருமினால் மட்டும் "அவளுக்கு என்னவாம்" என்று சுவரைக் கேட்கிறார். மாதா மாதம் நீ வேலை செய்யும் கார் பத்திரிகையை வாங்குகிறார். நீ எழுதும் 'பின்சீட்டிலிருந்து' பக்கத்தை மட்டும் படிப்பதே இல்லையாம். அந்தப் பக்கத்தில் மட்டும் டீக்கறை எப்படி வருகிறதோ தெரியவில்லை.

இப்போது செய்தி. அப்பா கார் வாங்கப் போகிறார். பக்கத்து சீட்டுக்கும் பிரேக் வைத்த பயிற்சி வண்டியில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தாயிற்று. அறுபது வயதுக்குள் அப்படி எதுவும் இல்லாத ஒரு வண்டி வேண்டுமாம். உங்கள் பத்திரிகை 'தொடக்கநிலை சொகுசு செடான்' என்று எழுதுமே, அந்த ஜாதி. பெரிய காருமில்லை, சின்னக் காருமில்லை. சொகுசில் பாலர் வகுப்பு.

மூன்று டெஸ்ட் டிரைவ் ஆயிற்று. ஒன்றில்கூட அப்பா ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஷோரூமில் ஒரு விற்பனைத் தம்பி இருக்கிறான், கழுத்தில் டை, முகத்தில் பொறுமை. ஒவ்வொரு முறையும் சாவியை நீட்டுகிறான். அப்பா ஒவ்வொரு முறையும் பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டு "ம், எடுங்க" என்கிறார். முதல் நாள் இறங்கியதும் அவன் ஆவலாகக் கேட்டான்.

"வண்டி எப்படி சார்?"

"ரெண்டு தடவை கண்ணாடி பார்க்காம திரும்பினீங்க. வேகத்தடையில பிரேக் லேட்டு. இன்னும் பத்து கிளாஸ் வந்தீங்கன்னா சரியாயிடும்."

அவன் டையை ஒரு தடவை சரிசெய்துகொண்டான். வழி முழுக்க அப்பாவின் கால் வேறு தரையை மிதித்துக்கொண்டே வருகிறது. "சார், அங்க பிரேக் இல்ல சார்" என்றான். தெரியும் என்றார் அப்பா, மறுபடி மிதித்தபடி.

இரண்டாம் முறை ஏறுவதற்கு முன் நான் அப்பாவின் சீட்டுக்கு வெப்பம் ஊட்டும் பொத்தானை முழுச் சூட்டில் அழுத்திவைத்தேன். மத்தியான வெயில். ஐந்தாவது நிமிஷம் இன்ஜின் சூடாகிறது, உடனே ஓரங்கட்டு என்று அப்பா உத்தரவு போட்டு, நடுத்தெருவில் பானெட்டைத் திறக்கவைத்தார். இன்ஜின் குளுகுளுவென்று இருந்தது. தம்பிக்கு வேர்த்தது.

நீ தினம் பத்துக் காரில் ஏறி இறங்குகிறவள். இந்த வண்டி தேறுமா தேறாதா? ஒரே வரியில் சொல். இல்லாவிட்டால் அப்பா அந்தத் தம்பிக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்வார்.

இப்படிக்கு,
போன் போனாலும் பேனா போகாத
வாலு


பிப்ரவரி 8

வாலு,

உன் கடிதத்தை முதல் முறை படித்துச் சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோது தலைமையாசிரியையை நினைத்து வெட்கமாக இருந்தது. போய் மன்னிப்புக் கேள். சிலேடை எதுவும் சேர்க்காமல் கேள்.

காரை ஒரே வரியில் சொல்ல முடியாது. முடிந்தால் எனக்குச் சம்பளம் எதற்கு? இந்த வகைக் கார்களில் ஒரு தந்திரம் உண்டு. விலையைக் கேட்டு மிரளாமல் இருக்க முன்பக்கத்தை மட்டும் பெரிய வண்டி மாதிரி செய்துவிடுவார்கள். வாங்குகிறவர் ஷோரூமில் முன்னால்தானே உட்கார்ந்து பார்க்கிறார். ஆகையால் நீ பின்னால் உட்கார்ந்து பார். அப்பா தன் உயரத்துக்கு சீட்டைத் தள்ளிய பிறகு, அவருக்கு நேர் பின்னால் உட்கார். முழங்காலுக்கும் சீட்டுக்கும் நடுவே எத்தனை விரல் போகிறது, பாதம் சீட்டுக்கு அடியில் நுழைகிறதா, நடுவில் உட்கார்ந்தால் காலை எங்கே வைப்பது, கையில் தட்டுப்படுவது தோலா பிளாஸ்டிக்கா, எல்லாம் எழுது. விளக்கு எத்தனை நிறத்தில் எரிகிறது என்று எழுதாதே. தம்பி சொல்வதை எழுதாதே. அவன் சொல்லாமல் தாண்டிப் போவதை எழுது.

அப்பா எந்தக் கார் வாங்கினால் எனக்கென்ன என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அடித்தது தெரியும், தெரியட்டும்.

இங்கே எனக்கு வேறு தலைவலி. போன வாரம் ஆசிரியர் குழுக் கூட்டத்தில் ஒரு வாசகர் கடிதம் வாசித்தார்கள். 'எல்லாச் சீட்டையும் எழுதும் உங்கள் நிருபருக்கு ஸ்டியரிங் சீட்டில் மட்டும் சீட்டு கிழிந்துவிட்டதா? பின்னால் இருந்துகொண்டே முன்னேறுவது எப்படி?' ஆசிரியருக்கு ஒரே ஆனந்தம். வாசகர் கேட்பது நியாயம், பின்சீட்டுப் பத்தியை இந்த மாதத்தோடு நிறுத்து, ஏப்ரல் இதழில் நீயே ஐந்து நாள் ஓட்டி, வாங்கப் போகிறவர்களுக்கு முழு மதிப்பீடு எழுது என்று சொல்லிவிட்டார். எந்தக் கார் என்று நினைக்கிறாய்? அப்பா பார்க்கிற அதே கார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாசகர் 'உண்மை விளம்பி' என்று கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தப் பெயரை உன் கணக்கு நோட்டு அட்டையில் பார்த்த ஞாபகம். நான் நினைப்பது தப்பு என்று உடனே எழுது.

அக்கா


பிப்ரவரி 13

பதவி உயர்வு பெற்ற அக்காவுக்கு,

நீ நினைப்பது தப்பில்லை. உண்மை விளம்பி நான்தான். விளம்பியது வீண்போகவில்லை பார். இத்தனை மாதமாக உன்னை முதுகுப் பக்கமே உட்காரவைத்திருந்தார்கள். ஒரே ஒரு தபால்தலையில் முன்னால் கொண்டுவந்துவிட்டேன். நன்றியைப் பணமாக அனுப்ப வேண்டாம். போனாக அனுப்பு.

நாலாவது டெஸ்ட் டிரைவுக்குப் போனோம். நீ கேட்ட அறிக்கை இதோ. அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்தால் முழங்காலுக்கு இரண்டு விரல் இடம். அதுவும் என் விரல். பாதம் சீட்டுக்கு அடியில் பாதிதான் நுழைகிறது. நடுவில் ஒரு மேடு. அதன் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால் கார் சவாரி குதிரைச் சவாரி ஆகிவிடுகிறது. கை எட்டும் இடமெல்லாம் தோல், முழங்கால் முட்டும் இடமெல்லாம் பிளாஸ்டிக். கூரை பின்னால் சரிந்து வருவதால் அம்மா ஏறும்போது இடித்துக்கொண்டாள். இடித்தது தலை, தட்டிப் பார்த்தது கூரையை. தம்பி சொல்லாமல் தாண்டியது டிக்கியை. திறக்கச் சொன்னேன். உள்ளே மாற்றுச் சக்கரம் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறது, வாடகை கொடுக்காத உறவினர் மாதிரி.

பெரிய ரகளை வேறொன்றில். இந்தக் காரில் ஒரு வசதி இருக்கிறது. முன்னால் ஏதாவது குறுக்கே வந்தால், ஓட்டுகிறவர் சும்மா இருந்தாலும் கார் தானே பிரேக் பிடித்துவிடும். தம்பி அதைச் செய்துகாட்ட ஒரு அட்டைப் பெட்டியை நிறுத்தி, அதை நோக்கி ஓட்டி, காலை எடுத்தான். கார் நின்றது. நான் கைதட்டினேன். அப்பாவின் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

"இதெல்லாம் ஒரு வசதியா? வண்டியே பிரேக் போட்டுட்டே இருந்தா, ஓட்டுறவன் எப்பதான் கத்துக்குவான்?"

 இந்த ஆள் போனதும் ஊர் மாறிவிடுவோமா என்று தம்பி யோசிப்பது எனக்குக் கேட்டது.

அது சரி, நீ ஏன் கைதட்டலுக்குப் பல்லைக் காட்டினாய்? தினம் ஓட்டுகிற காரைப் பற்றி எழுத உனக்கு என்ன கஷ்டம்?

வாலு


பிப்ரவரி 17

வாலு,

நான் தினம் எந்தக் காரையும் ஓட்டவில்லை. எனக்கு லைசென்ஸ் இல்லை.

இப்போது புரிகிறதா நீ செய்த காரியம்? வேலைக்குச் சேரும்போது ஓட்டத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். பொய்யில்லை. லைசென்ஸ் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் மகளிடம் யார் அதைக் கேட்பார்கள்? போன மே மாதம் இரண்டாவது தடவையும் டெஸ்டில் தோற்றேன். அது உனக்குத் தெரியாது. அன்றைக்கு நடந்த சண்டை மட்டும்தான் உனக்குத் தெரியும். நான் கதவை அறைந்துவிட்டு இந்த ஊருக்கு வந்ததோடு சரி. வேறு யாரிடமோ படித்து நான் லைசென்ஸ் வாங்கிவிட்டேன் என்று அப்பா இந்நேரம் நினைத்துக்கொண்டிருப்பார். அவர் கோபத்தில் பாதி அதுதான். நினைக்கட்டும்.

நீ அப்பா சொன்னதாக எழுதினாயே, வண்டியே பிரேக் போட்டால் ஓட்டுகிறவன் எப்போது கற்றுக்கொள்வான் என்று. கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி மறுபடி படித்தேன். அப்பாவா சொன்னார் அதை?

கேள். அவரிடம் நான் அறுபது வகுப்பு ஓட்டினேன். அறுபதிலும் வண்டி அழகாக நின்றது. கோட்டில் நின்றது, சரிவில் நின்றது, பூனைக்கு நின்றது. நான் நிறுத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். டெஸ்டுக்கு லைசென்ஸ் அலுவலகத்தின் வண்டி. அதில் பக்கத்து சீட்டில் பிரேக் கிடையாது. நிறுத்தக் கோடு வந்தது. கோடு போனது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற கம்பமும் போனது. பிரேக் எதற்கு வைத்திருக்கிறது என்று ஆய்வாளர் கேட்டார். என் கால் பிரேக் மேலேதான் இருந்தது. எவ்வளவு அழுத்தினால் நிற்கும் என்பதுதான் தெரியவில்லை. அறுபது வகுப்பும் நான் காலை வைப்பதற்குள் அவர் அழுத்திவிட்டிருக்கிறார். அடுத்த தடவையும் அதே கதை. கம்பத்துக்குப் பதில் சுவர்.

மற்ற மாணவர்களுக்கெல்லாம் ஆபத்து வந்தால் அழுத்துவார். எனக்கு ஆபத்து வரும் என்று நினைத்தாலே அழுத்தினார். அதைச் சொல்லத்தான் அன்றைக்கு ஸ்கூலுக்குப் போனேன். அவர் மூன்று மாணவர்களை வைத்துக்கொண்டு "விடும்மா, உனக்கு ஓட்ட வராது" என்றார். அதற்கு மேல் நான் பேசினது எனக்கே ஞாபகமில்லை. மூவாயிரம் பேரைத் தேற்றினவருக்கு என்னைத் தேற்ற வரவில்லை. வராதது எனக்காம்.

பின்சீட்டுப் பத்தி நின்றாயிற்று. இனி முன்சீட்டு மட்டும்தான். அதில் உட்கார முடியாவிட்டால் இந்த அலுவலகத்தில் எனக்கு நாற்காலியே இல்லை. மார்ச் 18 டெஸ்ட். 20ஆம் தேதி கார் வருகிறது.

இதை யாரிடமும் சொல்லாதே. இது விளையாட்டல்ல.

அக்கா


பிப்ரவரி 22

அக்கா,

இந்தக் கடிதத்தில் சிலேடை இல்லை. தேடாதே.

எனக்குத் தெரியாது அக்கா. நீ ஏதோ ராணி மாதிரி எல்லாக் காரையும் ஓட்டிவிட்டு, சும்மா பின்சீட்டைப் பற்றி எழுதுகிறாய் என்றுதான் நினைத்தேன். ஆசிரியருக்கு மறுபடி ஒரு கடிதம் எழுதவா? 'உண்மை விளம்பி சொன்னது பொய்' என்று?

சனிக்கிழமை அப்பாவின் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன். பரீட்சைக்குப் படிக்க அமைதியான இடம் வேண்டும் என்றேன். அவர் நம்பவில்லை, ஆனால் விட்டுவிட்டார். அப்பாவின் காலை எண்ணினேன். ஓட்டப் பழகும் பேக்கரிக்காரருக்கு ஒரு மணி நேரத்தில் நாலு பிரேக். பல் டாக்டர் அம்மாவுக்கு இரண்டு. அவர் ஒரு லாரியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா அப்போதும் உடனே மிதிக்கவில்லை. 'கண்ணைத் திறந்து நீங்களே நிறுத்துங்கம்மா' என்று மெதுவாகச் சொன்னார். அவர் நிறுத்தினார். அப்பா நல்ல வாத்தியார் அக்கா. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

நீ ஓட்டிப் பழகும்போது அம்மா சில நாள் பின்னால் உட்கார்ந்து வந்தாளே, அவளிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

"உங்க அக்கா அந்த வண்டியில பிரேக் பிடிச்சு நான் பார்த்ததே இல்ல. உங்க அப்பா விட்டாத்தானே."

அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னாளாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்ததால் யார் காதிலும் விழவில்லையாம். இரண்டாம் தடவை சொல்லிக்கொண்டிருக்கத் தனக்கு வேறு வேலை இல்லையா என்று என்னையே கேட்டாள்.

அப்பாவிடம் சொல்லிவிடலாம் அக்கா. அவருக்குத் தெரியவே தெரியாது என்று நினைக்கிறேன்.

வாலு


பிப்ரவரி 27

வாலு,

சொல்லக்கூடாது.

காரணம் ஒன்று, அவர் நம்பமாட்டார். காரணம் இரண்டு, நம்பிவிட்டால் அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது. இதை எழுதின நேரத்தைவிட நான் யோசித்த நேரம் அதிகம். ஆகவே குறுக்கே பேசாதே.

இங்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்திருக்கிறேன். பழகுநர் லைசென்ஸைப் புதுப்பித்தாயிற்று. பயிற்றுநர் கத்துகிறார். கத்திக்கொண்டே அவரும் பிரேக்கை மிதித்துவிடுகிறார். நானே மிதிக்கிறேன், விடுங்கள் என்றால், இடித்தால் பம்பருக்கு உங்கள் அப்பாவா கொடுப்பார் என்கிறார். நேற்று ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தது. என் கால் போய் பிரேக் மேல் உட்கார்ந்துகொண்டு, வேறு யாரோ அழுத்தட்டும் என்று காத்திருந்தது. எனக்கு இருபத்தாறு வயது, வாலு. என் கால் இன்னும் பக்கத்து சீட்டைப் பார்க்கிறது.

தோற்றால் ஆசிரியரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டு மூட்டை கட்டுவேன். அந்த வீட்டுக்கு வரமாட்டேன்.

படி. கணக்கில் போன தடவை எவ்வளவு என்று அம்மா சொன்னாள்.

அக்கா


மார்ச் 4

அக்கா,

சொல்லிவிட்டேன்.

சொல்லவில்லை, சரியாகச் சொன்னால் வைத்துவிட்டேன். அந்தக் காரின் விளம்பரப் புத்தகத்தை அப்பா தினம் சாப்பாட்டு மேஜையில் பிரித்துவைத்துக்கொண்டு படிக்கிறாரே, அதில் தானே பிரேக் பிடிக்கும் வசதியைப் பற்றிய பக்கத்தில் உன் பிப்ரவரி 17ஆம் தேதிக் கடிதத்தைச் செருகிவிட்டேன். நீ என்னைக் கொல்லலாம். பரீட்சைக்கு முன்னால் கொன்றால் நல்லது.

படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். தாளைத் திருப்பி, பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று பார்த்தார். எதுவும் இல்லாததால் மூன்றாம் முறை படித்தார். கறிக்கரண்டியோடு அம்மா வந்து நின்றாள்.

"நான் எல்லாருக்கும் அப்படித்தான் பண்றேனா?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் இல்ல. அவளுக்கு மட்டும்."

அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். நானும் அம்மாவும் திட்டு வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. இரண்டு நாள் வரவில்லை. அப்பா திட்டாமல் இருந்தால் வீட்டில் கடிகாரம் ரொம்பச் சத்தம் போடுகிறது.

இன்று காலை பேக்கரிக்காரருக்கும் பல் டாக்டருக்கும் போன் செய்து இரண்டு வாரம் வகுப்பில்லை என்றார். ஸ்கூல் கதவில் 'பயிற்றுநர் பயிற்சிக்காகச் சென்றுள்ளார்' என்று சாக்பீஸால் எழுதினார். நான் எழுதவில்லை அக்கா, சத்தியமாக அவரே எழுதினார். பிறகு பயிற்சி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே என்று அம்மா கேட்கவில்லை. உன் முகவரியை உறையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவர் வந்து சேர்ந்துவிடுவார் என்று நினைக்கிறேன். கதவைத் திற.

வாலு


மார்ச் 10

துரோகியே,

வந்து சேர்ந்தார். ஐந்தாம் தேதி காலை, நான் பல் துலக்கிக்கொண்டே ஜன்னலைத் திறந்தால், கீழே கூரையில் பெயர்ப்பலகையோடு நம் வண்டி நிற்கிறது. உன் மேல் வந்த கோபத்தில் பற்பசையை விழுங்கிவிட்டேன்.

எதிரே ஒரு லாட்ஜில் தங்கியிருக்கிறார். நலம் விசாரிக்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. "எத்தனை மணிக்கு ஆபீஸ்?" என்றார். பத்து என்றேன். "ஆறு மணிக்குக் கீழ வா" என்றார். அவ்வளவுதான் சமாதானப் பேச்சு வார்த்தை.

ஒரு பழைய கிடங்கின் முற்றம், ஆள் நடமாட்டம் இல்லை. நான் ஸ்டியரிங்கில். அவர் பக்கத்து சீட்டில் ஏறி, செருப்பைக் கழற்றி வாசலிலேயே விட்டுவிட்டு, காலை மடக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த வயிற்றோடு அந்த சீட்டில் சம்மணம் போடுவது எவ்வளவு சிரமம் என்று நீ பார்த்திருக்க வேண்டும். "எடு" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

சும்மா வந்தார் என்று நினைக்காதே. கால்தான் மடங்கியிருந்தது, வாய் மடங்கவில்லை. கண்ணாடி, கண்ணாடி, கண்ணாடி. கிளட்சைக் கொல்லாதே. ஸ்டியரிங்கைப் பிழியாதே, அது ஈரத்துணி இல்லை. முதல் நாள் முடிவதற்குள் மூன்று தடவை இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நடந்தேன். மூன்று தடவையும் அவர் ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய முழங்கால் துள்ளுகிறது. அதை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கிக்கொள்கிறார். அந்தக் கையைப் பார்த்தால் எனக்கு ஓட்ட வரவில்லை. பார்க்காமல் ஓட்டு என்று அதற்கும் திட்டு.

மூன்றாம் நாள் ஒரு காலி டிரம்மை நோக்கிப் போனேன். காலை வைத்தேன். வழக்கம் போல் காத்திருந்தது கால். பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. டமார். பம்பரில் பெரிய நெளிவு. இருபத்தாறு வருஷத்தில் அவர் வண்டியில் முதல் நெளிவு, வாலு. நான் ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அவர் சம்மணத்தைப் பிரிக்கவே இல்லை.

"சரி. எவ்வளவு அழுத்தணும்னு இப்ப தெரிஞ்சுதா? பின்னால எடு. திரும்ப வா."

அதே டிரம். இரண்டாம் தடவை உரசியது. ஐந்தாம் தடவை ஒரு சாண் தள்ளி நின்றது. நான்தான் நிறுத்தினேன். வண்டி அடங்கி நிற்பது என் கால் வழியாக ஏறி வந்தது எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் கேட்டேன், ஏன் எனக்கு மட்டும் அப்படிச் செய்தீர்கள் என்று.

வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "மத்தவங்க ஓட்டறப்ப நான் ரோட்டைப் பார்ப்பேன். நீ ஓட்டறப்ப உன்னைப் பார்த்துட்டிருந்தேன்."

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மறுபடி கண்ணாடி என்று ஆரம்பித்துவிட்டார். இன்னும் எட்டு நாள். அதற்குள் எங்களில் ஒருவர் மற்றவரை அந்த முற்றத்திலேயே விட்டுவிட்டு வராமல் இருந்தால் ஆச்சரியம்.

உன்னை மன்னிக்கவில்லை.

அக்கா


மார்ச் 15

அன்பான டிரம்மாதேவிக்கு,

மன்னிப்பு வேண்டாம், போன் போதும்.

விற்பனைத் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டான். சார் ஏன் வரவில்லை, வேறு ஷோரூம் பக்கம் போய்விட்டாரா என்று கவலை. வெளியூரில் வகுப்பு எடுக்கிறார் என்றேன். தயங்கித் தயங்கி ஒரு சேதி சொல்லச் சொன்னான். அவன் ஓட்டுவது இப்போது நன்றாக இருக்கிறது என்று மேலாளர் பாராட்டினாராம், சாரிடம் சொல்ல வேண்டுமாம். அம்மா அவனுக்கு டீ கொடுத்தாள். கண்ணாடி பார்த்துத் திரும்பிப் போனான்.

தலைமையாசிரியையிடம் மன்னிப்புக் கேட்டேன். எல் போர்டைத் திருப்பிக் கொடுத்தார். அப்பாவிடம் சேர்த்துவிடச் சொன்னார்.

18ஆம் தேதி காலை எனக்குக் கணக்குப் பரீட்சை, உனக்கு டெஸ்ட். ஒரே நேரம். நம் வீட்டில் யாராவது ஒருத்தி தேறினால் போதும் என்கிறாள் அம்மா. எனக்கு உன் மேல்தான் நம்பிக்கை.

வாலு


மார்ச் 22

வாலு,

தேறிவிட்டேன். அதே மாதிரிக் கோடு, அதே மாதிரிக் கம்பம். கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றேன். ஆய்வாளர் கையெழுத்துப் போடும்போது அவர் பேனாவைப் பிடுங்கி நானே போட்டுவிடலாம் போல் இருந்தது. அப்பா வாசலில் நின்றார். தேறினேன் என்றேன். "திரும்பறப்ப இண்டிகேட்டர் லேட்டு" என்றார்.

இருபதாம் தேதி கார் வந்தது. அலுவலக வாசலில் சாவியைக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம்தான் அப்பா ஊருக்குத் திரும்புவதாக இருந்தார். வருகிறீர்களா என்றேன். நாலு தடவை பார்த்த வண்டிதானே என்றார். ஆனால் வந்தார். பழக்கத்தில் பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்தார். ஒரு காலை உள்ளே வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, காலை எடுத்துக்கொண்டு, கதவை மூடிவிட்டு, பின்னால் ஏறினார். கூரையில் தலையை இடித்துக்கொண்டார்.

ஓட்டினேன். நெரிசலில் ஒரு மணி நேரம், பிறகு புறவழிச் சாலையில் ஒரு மணி நேரம். வாங்கப் போகிறவர்களுக்கு நான் எழுதப் போவது இதுதான்: ஸ்டியரிங் இலேசு, நகரத்துக்கு நல்லது. கியர் மாறும்போது ஒரு நொடி யோசிக்கிறது. முந்தப் போகிறவர் அதற்கும் சேர்த்து யோசிக்க வேண்டும். வேகத்தடைகளில் வண்டி மரியாதையாக இறங்குகிறது. ஓட்டுகிறவருக்குக் கொடுத்த கவனத்தில் பாதியைப் பின்னால் கொடுத்திருக்கலாம். உன் இரண்டு விரல் கணக்கை அப்படியே போடுகிறேன், உன் பெயர் போடாமல்.

முதல் அரை மணி நேரம் பின்னாலிருந்து கண்ணாடி, லாரி, மெதுவா என்று குரல் வந்துகொண்டிருந்தது. நானும் பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டே வந்தேன். புறவழிச் சாலையில் ஏறியதும் குரலைக் காணவில்லை. கோபித்துக்கொண்டாரோ என்று கண்ணாடியில் பார்த்தேன். தலையை ஜன்னலில் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

ஓடுகிற வண்டியில் அப்பா கண்ணை மூடி நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன்.

லாட்ஜ் வாசலில் நிறுத்தியபோதுதான் விழித்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டு, எந்த இடம் என்று சுற்றிப் பார்த்தார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு கேட்டேன், பின்சீட்டு எப்படி இருந்தது, வண்டியை வாங்கலாமா என்று.

"தெரியலம்மா" என்றார். "நான் தூங்கிட்டேன்."

அக்கா